அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்

ஐ.சி.யூ. மானிட்டரில் ரத்த அழுத்தம் 88/54 என்று ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 65 என்று இன்னோர் எண் நிற்கும். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் உறவினர் படிப்பது முதல் எண்ணை. “பிரஷர் எண்பத்தெட்டுதானாம், ஏறவே மாட்டேங்குதாம்” என்று ஊருக்குப் போன் போவதும் அதை வைத்துத்தான். உள்ளே மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பார்த்து.

அதற்குச் சராசரித் தமனி அழுத்தம் என்று பெயர். கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய அது வந்துவிடும். கீழ் எண்ணுக்கு ஏன் இரட்டை மதிப்பு? இதயம் சுருங்க எடுக்கும் நேரத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் அது தளர்ந்து நிரம்புகிறது. அத்தனை நேரமும் தமனியில் நிலவுவது கீழ் அழுத்தமே. கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் ஆச்சரியம் வரும். 120/40 என்றால் சராசரி 67. 95/75 என்றால் 82. மேல் எண்ணை மட்டும் பார்ப்பவர் முதல் நோயாளி தேறிவிட்டார் என்பார். சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் இரண்டாமவர் உடம்பில்தான் ரத்தம் நன்றாகத் தள்ளப்படுகிறது.

இதயத் துடிப்பு தாளம் தப்பி ஓடும் நோயாளிகளிடம் இந்த வேறுபாடு உயிர் காக்கும் அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. கொடைக்கானலிலும் பழனி மலையின் மற்ற ஊர்களிலும் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. இங்கே உடம்பு மோசமானால் பெரிய ஐ.சி.யூ. என்பது மலைக்குக் கீழே இருக்கிறது. கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் முதலுதவி முடிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி, மதுரை ராஜாஜி மருத்துவமனை என்றுதான் போக வேண்டும். வத்தலக்குண்டு இறங்கவே சுமார் 55 கி.மீ., மதுரைக்குச் சுமார் 120 கி.மீ. வளைவுகளும், மழைக்காலப் பனிமூட்டமும், சீசன் நெரிசலும் உள்ள சாலை அது. 2024 மே மாதத்திலிருந்து சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும் நெரிசல் ஒழிந்தபாடில்லை. வெள்ளகவி போன்ற ஊர்களில் சாலையை அடைவதற்கே நோயாளியை டோலி கட்டித் தூக்கி வர வேண்டும். அந்த நேரம் முழுதும் ரத்த அழுத்தம் எந்த அளவில் இருந்தது என்பது கீழே ஐ.சி.யூ.வில் என்ன நடக்கப்போகிறது என்பதில் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது.

தீவிர நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் தாளக்கோளாறு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கிவிடும். நிமிடத்துக்கு 350-க்கும் மேல் மின்பொறிகள் கிளம்பும். நல்லவேளையாக அத்தனையும் கீழறைக்குப் போவதில்லை. ஒரு பகுதிதான், அதுவும் முறையில்லாமல், இறங்கும். அதனால் நாடி ஒரு கணம் அடுத்தடுத்து இரண்டு, பிறகு ஓர் இடைவெளி, பிறகு மூன்று என்று அடிக்கும்.

அழுத்தம் விழுவதற்கு இதில் இரண்டு வழி இருக்கிறது. மேலறை கடைசியாக ஒரு தள்ளு தள்ளிக் கீழறையை நிரப்பும். நிரப்பலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தள்ளலால் கிடைப்பது. நடுங்கும் மேலறை அதைத் தருவதில்லை. திடமான இதயம் இந்த இழப்பைத் தாங்கும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள், பல வருட பி.பி.யால் இதயத் தசை தடித்துப்போனவர்கள் தாங்க மாட்டார்கள். இரண்டாவது வழி வேகம். நிமிடத்துக்கு 150 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு நொடியில் பாதிகூடக் கிடையாது. வேகம் ஏறும்போது சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது; வெட்டு விழுவது நிரம்பும் நேரத்தில். இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரிக் குழாய்களில் ரத்தம் பாய்வதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஆக, இதயம் கூடுதலாக உழைக்கும்போது அதற்கே தீனி குறைகிறது.

ஒவ்வொரு துடிப்புக்கும் நிரப்பல் வேறு வேறாக இருப்பதால் ஒவ்வொரு துடிப்பின் அழுத்தமும் வேறு வேறாக இருக்கும். கையில் பட்டை கட்டி அளக்கும் தானியங்கிக் கருவி சீரான துடிப்புக்காக வடிவமைக்கப்பட்டது. அது பட்டையின் அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடத்தைச் சராசரி அழுத்தமாக எடுத்துக்கொண்டு, மேல் கீழ் எண்களைத் தன் சூத்திரத்தால் ஊகிக்கிறது. எனவே அது காட்டும் மூன்று எண்களில் நேரடி அளவீட்டுக்கு நெருக்கமானது சராசரிதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்கு ஒரே தடவை அளந்து 140 என்று நிம்மதி அடைவதும், 90 என்று அலறுவதும் அவசரம். மூன்று தடவையாவது அளந்து சராசரி பார்க்க வேண்டும். நாடியைப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கமும் இங்கே உதவாது. முழு நிமிடம் எண்ண வேண்டும். அதிலும் பலவீனமான துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது. மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் 140, மணிக்கட்டில் 105 என்பது சாதாரணமாக நடக்கும். ஐ.சி.யூ.வில் மணிக்கட்டுத் தமனிக்குள் மெல்லிய குழாய் செருகித் துடிப்புக்குத் துடிப்பு அளப்பது இதனால்தான். “கையில எதுக்கு இன்னொரு ஊசி” என்று கேட்கும் குடும்பத்துக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது நல்லது.

இனி 65 என்ற எண்ணுக்கு வருவோம். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி அழுத்தம் விழுந்த நோயாளிகளுக்குச் சராசரி அழுத்தத்தை முதலில் 65 மி.மீ. பாதரச அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உலகளவில் பின்பற்றப்படும் செப்சிஸ் வழிகாட்டுதல். மூளையும் சிறுநீரகமும் தமக்கு வரும் ரத்தத்தை ஓர் எல்லை வரை தாமே சரிசெய்துகொள்ளும் திறன் உள்ளவை. அழுத்தம் அந்த எல்லைக்குக் கீழே போனால் திறன் கைவிட்டுவிடும். பிறகு அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ ரத்தமும் அவ்வளவு குறையும். முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீர். மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லி, அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும்.

அப்படியானால் 65-க்குப் பதில் 85 வைத்தால் இன்னும் பத்திரம் அல்லவா? இந்தக் கேள்விக்கு 2014-இல் பிரான்சில் 776 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு பதில் சொன்னது. ஒரு பாதிக்கு 65 முதல் 70 வரை, மறு பாதிக்கு 80 முதல் 85 வரை. 28 நாளில் இறந்தவர்கள் குறைந்த அழுத்தக் குழுவில் 34 சதவீதம், உயர் அழுத்தக் குழுவில் 36.6 சதவீதம், வித்தியாசம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் புதிதாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவர்கள் குறைந்த அழுத்தக் குழுவில் 2.8 சதவீதம், உயர் அழுத்தக் குழுவில் 6.7 சதவீதம். அழுத்தத்தை ஏற்றப் போட்ட மருந்தே தாளத்தைக் கெடுத்தது. ஏற்கெனவே நாள்பட்ட பி.பி. உள்ளவர்களுக்கு மட்டும் உயர் அழுத்தம் வைத்தபோது டயாலிசிஸ் தேவை குறைந்தது. அதனால் அவர்களுக்குச் சில மருத்துவர்கள் சற்று உயர்த்தி வைப்பார்கள். பிரிட்டனில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,600 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தது: 60 முதல் 65 வரை இருந்தால் போதும் என்று விட்டார்கள். 90 நாளில் இறப்பு 41 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 43.8. புள்ளியியல்படி இதை வெற்றி என்று சொல்ல முடியாது, ஆனால் முதியவர்களுக்கு எண்ணைத் துரத்தி மருந்தை ஏற்றிக்கொண்டே போவதில் லாபமில்லை என்பது தெரிந்தது.

தாளக்கோளாறு உள்ள ஐ.சி.யூ. நோயாளிகளை மட்டும் எடுத்து, மருத்துவமனைப் பதிவுகளில் அழுத்தத்தையும் உயிர்பிழைத்தலையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகளும் வருகின்றன. இவற்றைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அழுத்தம் குறைந்ததால் இறந்தார்களா, இறந்துகொண்டிருந்ததால் அழுத்தம் குறைந்ததா என்பதைப் பழைய பதிவேடு தனியாகப் பிரித்துச் சொல்லாது. “அழுத்தம் இத்தனைக்கு மேல் இருந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள்” என்ற வரியை “எல்லோருக்கும் அத்தனைக்கு மேல் ஏற்று” என்று படிப்பது அபாயம்.

அபாயம் எங்கே என்பது மலைத்தோட்டக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஓடையிலிருந்து ஹோஸ் போட்டுக் கேரட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது குழாயின் நுனியை விரலால் அழுத்தினால் உள்ளே அழுத்தம் ஏறும். பாத்திக்கு விழும் தண்ணீர் ஏறாது, குறையும். நார்அட்ரினலின் போன்ற மருந்துகள் பெரும்பாலும் ரத்தக்குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுபவை. குழாய் தொளதொளத்துப்போன செப்சிஸில் அது உயிர்காக்கும் மருந்து. அளவு மீறினால் மானிட்டரில் எண் அழகாக இருக்கும், விரல் நுனி கறுக்கும்.

எந்த மருந்து என்பதிலும் வித்தியாசம் உண்டு. நம்மூர் மருத்துவமனைகளில் நெடுங்காலம் கைக்குக் கிடைத்த மருந்து டோபமின். 2010-இல் வெளியான ஆய்வில் டோபமின் பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்குத் தாளக்கோளாறு வந்தது. நார்அட்ரினலின் பெற்றவர்களில் 12 சதவீதம். பெரும்பாலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயமே செயலிழந்து அழுத்தம் விழுந்தவர்களிடம் டோபமின் குழுவில் இறப்பும் கூடுதலாக இருந்தது. அதன்பின் நார்அட்ரினலினே முதல் தேர்வாகிவிட்டது.

மறுபக்கச் சிக்கல் இதைவிட மோசம். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டில்டியாசெம், மெட்டோபிரலால் இரண்டும் அழுத்தத்தையும் குறைக்கும். அமியோடரோன் ஓரளவு பரவாயில்லை, ஆனால் நரம்பில் வேகமாக ஏற்றினால் அதுவும் குறைக்கும். டிஜாக்ஸின் அழுத்தத்தைத் தொடாது; வேலை செய்ய மணிக்கணக்காகும், சிறுநீரகம் கெட்டவருக்கு விஷமாகத் தேங்கும். அழுத்தத்தை ஏற்றினால் துடிப்பு ஓடுகிறது, துடிப்பை அடக்கினால் அழுத்தம் விழுகிறது. ஐ.சி.யூ. மருத்துவர் மணிக்கு மணி மருந்தை மாற்றுவது தடுமாற்றத்தால் அல்ல.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அழுத்தம் விழுந்ததற்குத் துடிப்பு காரணமா, இல்லை உடம்பின் நோய்க்குத் துடிப்பு எதிர்வினையா? திடீரென்று நிமிடத்துக்கு 180 ஓடி, அதனாலேயே அழுத்தம் விழுந்து, மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் காத்திருக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுத்து, இதயத் துடிப்போடு ஒத்திசைத்து மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். “ஷாக் வைக்கணும், கையெழுத்துப் போடுங்க” என்றால் தயங்காமல் போட வேண்டிய தருணம் அது. ஆனால் காய்ச்சலும் தொற்றும் முதலில் வந்து, அழுத்தம் விழுந்து, பிறகு துடிப்பு 130-க்கு ஏறியவருக்கு ஷாக் வைத்தால் கொஞ்ச நேரம் சரியாகி மறுபடி பழைய நடுக்கத்துக்கே போய்விடும். அவருக்குத் தேவை ஆன்டிபயாட்டிக், திரவம், ஆக்சிஜன், பொட்டாசியமும் மெக்னீசியமும் சரியான அளவில்.

மலையில் இந்த இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டாக உண்ணிக் காய்ச்சலைச் சொல்லலாம். புதரிலும் புல்லிலும் இருக்கும் சிறு பூச்சி கடித்து வருவது. தமிழ்நாட்டில் குளிர்ந்த மாதங்களில் கூடும். அக்குள், இடுப்பு, மார்பின் அடிப்பகுதி போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். ஆடை விலக்கிப் பார்க்காவிட்டால் தெரியாது. டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்து ஆரம்பத்திலேயே கொடுத்தால் அடங்கிவிடும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம், இதயத் தசை என்று பரவி அழுத்தம் விழும், தாளம் தப்பும். வேலூர் சி.எம்.சி. முன்னின்று இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, தீவிர உண்ணிக் காய்ச்சலில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் கொடுத்தால் சிக்கல்கள் குறைகின்றன என்று காட்டியது. இப்படிப்பட்டவரின் துடிப்பை மட்டும் அடக்க முயன்றால் உடம்பு தாக்குப்பிடிக்க வைத்திருந்த கடைசி ஏற்பாட்டையும் பிடுங்கியதாகிவிடும்.

மலையேறும் இதய நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவு, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த விகிதத்தில். ஆரோக்கியமானவர் உணரவே மாட்டார். முதல் ஓரிரு நாள் நாடியும் அழுத்தமும் கொஞ்சம் கூடும், குளிர் இன்னும் கூட்டும். இதயச் செயலிழப்பு சமீபத்தில் மோசமானவரும், துடிப்பு கட்டுக்குள் வராதவரும் அறைபோட்ட பிறகு யோசிப்பதைவிட முன்பே மருத்துவரைக் கேட்பது மேல்.

யாருக்காவது திடீரென்று படபடப்பும் தலைசுற்றலும் வியர்வையும் வந்தால், நம் வீடுகளில் முதலில் கை போவது நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரைக்கு. அழுத்தம் ஏற்கெனவே விழுந்திருந்தால் இதைவிடத் தவறான மாத்திரை கிடையாது. ரத்தக்குழாயை விரித்து இன்னும் இறக்கிவிடும். அளக்காமல், மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்குக் கொடுக்கப்படுபவை ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாடின் மாத்திரைகள். இவை மூன்றும் அழுத்தத்தை இறக்குபவை அல்ல. மயக்கமாக இருப்பவருக்கு வழக்கமான பி.பி. மாத்திரையையும் அந்த வேளைக்குத் தானாகக் கொடுத்துவிடக் கூடாது. கேட்டுக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, “இங்க காட்டி நேரத்த வீணாக்காம நேரா மதுரைக்குப் போயிருவோம்” என்ற முடிவு. சொந்தக் காரில் படுக்கவைத்து இறங்குவதைவிட, பக்கத்து அரசு மருத்துவமனையில் ஓர் ஈ.சி.ஜி., ஒரு நரம்பூசி, ஆக்சிஜன், அழுத்தத்தை நிலைநிறுத்தும் மருந்து என்று ஆரம்பித்து 108-இல் இறங்குவது பாதுகாப்பு. அந்த அரை மணி நேரம் வீணல்ல. ஈ.சி.ஜி. தாளை மட்டும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கீழே போவதற்குள் தாளம் மாறிவிட்டால், என்ன நடந்தது என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. நாடி நிமிடத்துக்கு 35, 40 என்று மெதுவாக அடிப்பவர்கள் முதலில் பக்கத்து மருத்துவமனையில் காட்டுவது இரட்டிப்பு முக்கியம். அவர்களுக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் தேவைப்படலாம், அதைப் பொருத்தும் வசதி உள்ள இடத்துக்கு மேலிருந்தே தகவல் போக வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுவதை.

ஐ.சி.யூ. வாசலில் தினமும் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் “பிரஷர் எவ்வளவு” என்பதற்குப் பதிலாக மூன்று விஷயம் கேட்கலாம். பிரஷரை ஏற்றும் மருந்தின் அளவு நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா? சிறுநீர் எவ்வளவு போகிறது? உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட், ரத்தத்தில் இறங்குகிறதா? மருந்து குறைந்து, சிறுநீர் கூடி, லாக்டேட் இறங்கினால் 88 என்பது நல்ல செய்தி. மருந்து ஏறிக்கொண்டே போய் 120-இல் நிற்பது நல்ல செய்தி இல்லை.

பிழைத்து வீட்டுக்கு வருபவர்களிடம் மருத்துவர்களே சில சமயம் சொல்ல விட்டுப்போவது ஒன்று உண்டு. தொற்றின்போது வந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், காய்ச்சலோடு போய்விட்ட சங்கதி என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவின் மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், தீவிர செப்சிஸோடு புதிதாக இந்த நடுக்கமும் வந்தவர்களில் 2.6 சதவீதத்தினருக்கு மருத்துவமனையில் இருக்கும்போதே பக்கவாதம் வந்தது, மற்றவர்களில் 0.6 சதவீதம். வீடு திரும்பிய பிறகும் சிலருக்கு அது திரும்ப வரும். எனவே டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தது’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த ஈ.சி.ஜி. எப்போது, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து தேவையா, தேவையென்றால் எத்தனை நாளைக்கு என்று கேட்டு, பதிலையும் அதே தாளில் வாங்கிக்கொண்டு மலையேறுங்கள்.